இரண்டு ஹெட்போன், ஒரு தம்புரா

மார்கழி 1

அக்கா மகன் பெங்களூரிலிருந்து வந்துவிட்டு இன்று காலை கிளம்பினான். மேஜை மேல் இரண்டு ஹெட்போன்களை விட்டுப் போயிருக்கிறான். இரண்டும் சென்ஹைசர். ஒன்று எச்டி 600, அவன் சில வருடமாக வைத்திருப்பது. மற்றது எச்டி 650, புதிது.

"மாமா, பொங்கல் வரைக்கும் ரெண்டையும் வச்சுக் கேளுங்க. பிடிச்சதை நீங்க எடுத்துக்கோங்க, மத்தது எனக்கு. ஆனா ஏன் பிடிச்சதுன்னு சொல்லணும்."

அந்த 'ஏன்' இல்லாவிட்டால் நான் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

600 வெளிவந்தது 1997இல். 650 வந்தது 2003இல். பின்னது வந்த பிறகும் முன்னதை நிறுத்தவில்லை. இன்றுவரை இரண்டும் விற்கின்றன. அதே நீள்வட்டக் கிண்ணம், பின்னால் கம்பிவலை, காதைச் சுற்றி உட்காரும் வெல்வெட் வளையம், கால் கிலோவுக்குச் சற்று மேலான எடை. 600இன் உடம்பில் நீலமும் கருப்பும் கலந்த பளிங்குக் கோலம். 650 அடர் சாம்பல். கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தேன். விரலுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

மார்கழி 2

அதிகாலை நாலரை. மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்தேன்.

இந்த வகையை ஓபன் பேக் என்பார்கள். உள்ளே இருப்பது மெல்லிய சவ்வு, அதில் ஒட்டிய கம்பிச்சுருள், பின்னால் காந்தம். சவ்வு முன்பக்கம் காற்றைத் தள்ளுவது போலவே பின்பக்கமும் தள்ளும். மூடிய கிண்ணமாக இருந்தால் அந்தப் பின்காற்று உள்ளேயே முட்டிமோதித் திரும்பிவரும். இதில் வலை வழியே வெளியே போய்விடுகிறது. அதனால்தான் பாட்டு தலைக்குள் அடைபடாமல் ஓர் அடி தள்ளி நிற்கிறது. 1968இல் மஞ்சள் பஞ்சு வைத்த எச்டி 414 மூலம் சென்ஹைசர் தொடங்கிவைத்த வழி இது.

சத்தம் வெளியே போகும் வழியாகவே வெளிச்சத்தமும் உள்ளே வரும். தெருக்கோடிப் பெருமாள் கோயில் ஒலிபெருக்கியில் எம்.எல்.வசந்தகுமாரியின் திருப்பாவை ஆரம்பித்தது. எதையும் ஓடவிடாமல் வெறும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதைக் கேட்டேன். வலையைத் தாண்டி, கூர்மை கொஞ்சம் மழுங்கி, பனிக்குள்ளிருந்து வருவது போல வந்தது. மற்றதையும் மாட்டிப் பார்த்தேன். அதே பனி.

கும்பகோணத்தில் இந்த நேரத்துக்கு இதற்கு மேல் எதைக் கேட்க வேண்டும்?

மார்கழி 4

மூன்று நாளாகத் தப்பாக எழுதியிருக்கிறேன். இரண்டு பக்கத்தைக் கிழித்தேன்.

600 முகத்தருகே வந்து பேசுகிறது, 650 நாற்காலியை இழுத்துப் பின்னால் போட்டுக்கொள்கிறது என்றெல்லாம் எழுதியிருந்தேன். இன்று பகல் வெளிச்சத்தில் இரண்டையும் கவிழ்த்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. 600இன் வளையம் பழசு. பஞ்சு அமுங்கித் தட்டையாகி, காது பதிந்த இடத்தில் வெல்வெட் வழுவழுவென்று ஆகியிருக்கிறது. 650இன் வளையம் புது இட்லி போலப் புஸ்ஸென்று நிற்கிறது. பழைய பஞ்சில் காது சவ்வுக்கு அருகே போய்விடுகிறது. அந்தச் சிறு தூரமே ஒலியை மாற்றப் போதும்.

இரண்டுக்கும் ஒரே அளவு வளையம்தான். விளிம்பில் நகத்தைக் கொடுத்து மெதுவாக இழுத்தால் சுற்றிலும் டப் டப்பென்று விட்டுக்கொண்டு கழன்று வருகிறது. உள்ளே வட்டமாக ஒரு கருப்புப் பஞ்சுத் துணி. அதன் மேல் ஒரு நரைமுடி, என்னுடையது. அதை எடுத்துவிட்டு, புதிய வளையத்தை 600க்கும் பழையதை 650க்கும் மாற்றி மாட்டினேன். நான் எழுதியதில் பாதி தலைகீழானது. இப்போது 650 முகத்தருகே வந்து பேசியது.

இரண்டு ஜோடி புது வளையம் வேண்டுமென்று அவனுக்குச் செய்தி அனுப்பினேன். வரும்வரை ஒப்பிடுவதில்லை.

மார்கழி 9

வளையங்கள் வந்தன. வித்தியாசம் சுருங்கிவிட்டது. ஆனால் போய்விடவில்லை.

இன்னொரு தொந்தரவு இருக்கிறது. ஆம்ப்ளிஃபயரின் குமிழைத் தொடாமல் ஒன்றைக் கழற்றி மற்றதைச் செருகினால் 650 ஒரு துளி உரத்துக் கேட்கிறது. உரத்துக் கேட்பதை மனம் நல்லதென்று எடுத்துக்கொண்டுவிடும். 'இது சத்தமாக இருக்கிறது' என்று தோன்றாது, 'இதில் உயிர் இருக்கிறது' என்று தோன்றும். ஏமாறுகிறோம் என்றே தெரியாத ஏமாற்றம். அதனால் ஒவ்வொரு முறையும் குமிழை இம்மி திருப்பிச் சரிசெய்கிறேன். பென்சிலால் இரண்டு கோடு போட்டு வைத்திருக்கிறேன், ஆளுக்கொன்று.

ஆம்ப்ளிஃபயர் எதற்கு என்றும் எழுதி வைக்கிறேன், அவன் கேட்பான். இரண்டின் மின்தடையும் 300 ஓம். தலைமுடியைவிட மெல்லிய கம்பியைப் பல சுற்று சுற்றியிருப்பதால் வருவது அது. இதை அசைக்க வோல்டேஜ் கூடுதலாக வேண்டும். இன்றைய சினிமாப் பாட்டு உரத்துப் பதிவாவதால் போனிலேயே கேட்டுவிடலாம். பழைய கச்சேரி டேப்புகள் தாழ்ந்த அளவில் பதிவானவை. போனில் கடைசிவரை ஏற்றியும் எட்டவில்லை.

மார்கழி 11

எம்.டி.ராமநாதன். சஹானா.

இவரை நான் ஒரு வரியில் கடந்துபோக முடியாது. டைகர் வரதாச்சாரியாரின் சீடர், கலாக்ஷேத்ராவில் பாடம் சொல்லித் தந்தவர், 1984இல் காலமானார். இதெல்லாம் யாருக்கும் தெரிந்தது. அவர் குரல் மிகத் தாழ்ந்த சுருதியில் இருக்கும். பாட்டு அதைவிட நிதானமாக இருக்கும். ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்குப் போவதற்குள் நமக்குள் ஏதோ ஒன்று அவசரப்பட்டு, பிறகு வெட்கப்பட்டு, பிறகு அடங்கும். அந்த அடக்கம் வந்தபிறகுதான் சஹானா தொடங்குகிறது.

650இல் முதலில் கேட்டேன். குரலுக்கு அடியில் ஒரு கம்பளம் விரித்தது போலிருந்தது. மார்பிலிருந்து வரும் அதிர்வு முழுசாக, கதகதப்பாக இருக்கிறது. சுகம். பத்து நிமிடம் அப்படியே கிடந்தேன்.

600இல் கம்பளத்தின் கனம் குறைந்தது. ஆனால் அவர் ஒரு சொல்லை முடிக்கும்போது உதடு மூடுவது கேட்டது. 'ம்' என்று ஒரு மெய்யெழுத்தில் வந்து நிற்பார், நின்ற பிறகும் சுருதியை விடாமல் அந்த மூடிய வாய்க்குள்ளேயே கார்வை கொடுப்பார். 650இலும் அது இருக்கிறது. தேடினால் கிடைக்கிறது. 600இல் தேட வேண்டியிருக்கவில்லை.

ஏற்கெனவே கனத்த குரலுக்கு மேலும் கனம் சேர்த்தால் சொல் கொஞ்சம் உள்ளே போய்விடுகிறது என்று நினைக்கிறேன். அளவுக்கருவி வைத்துப் பார்த்தவர்கள் இரண்டுக்கும் நடுவே சொல்லும் வித்தியாசம் அடிப்பகுதியிலும் மேலேயும் ஓரிரண்டு டெசிபெல்தான். ஓரிரண்டு டெசிபெலுக்குள் ஒரு மனிதரின் உதடு இருக்கிறது.

மார்கழி 12

இன்று ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவை மூட்டுவலிக்கு டாக்டரிடம் கூட்டிப்போய் வந்தேன்.

மார்கழி 14

பாலக்காடு மணி ஐயரின் மிருதங்கம். இடப்பக்கத் தொப்பியில் ரவையைக் குழைத்து அப்பியபின் வரும் அந்தக் கும்கியை, உள்ளங்கையின் அடிப்பாகம் தோலின் மேல் வழுக்கிக்கொண்டு போகையில் நாதம் மேலே வளையுமே அதை, 650 வெகு அழகாகத் தருகிறது. வளைவின் தொடக்கத்திலேயே பிடித்துக் கடைசிவரை கூட்டிச்செல்கிறது. 600 வலந்தலையின் சாப்பில் ஒரு படி மேல். ஆளுக்கு ஒரு கை.

இதற்குமேல் பிரித்துப் பார்க்க எனக்கு விருப்பமில்லை. பிரித்தால் மிருதங்கம் போய்விடுகிறது.

மார்கழி 15

ராத்திரி பத்தரைக்குக் கேட்டால் 650 சரி என்று தோன்றுகிறது. காலை நாலரைக்குக் கேட்டால் 600. நாலு நாளாக இதே கதை. மனநிலை என்று நினைத்தேன். இன்று குமிழைப் பார்த்தபோது தெரிந்தது: ராத்திரி அம்மா அடுத்த அறையில் தூங்குவதால் பென்சில் கோட்டுக்கு வெகு கீழே வைத்திருக்கிறேன். காலையில் அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள், நான் கோட்டுக்கே ஏற்றிவிடுகிறேன்.

1933இல் பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சரும் மன்சனும் அளந்து காட்டிய விஷயம் இது. சத்தம் குறையக் குறையக் காது எல்லா ஸ்வரத்தையும் ஒரேயளவு இழப்பதில்லை. தாழ்ந்த ஒலிகளைத்தான் முதலில் கைவிடுகிறது. குரல் இருக்கும் நடுப்பகுதியைக் கடைசிவரை பிடித்துக்கொள்கிறது. ஆகவே மெல்லக் கேட்கும்போது அடிப்பகுதியில் சற்றே கூடுதலாக இருக்கிற 650 முழுமையாகக் கேட்கிறது. கோடுவரை ஏற்றினால் காதே அடிப்பகுதியைச் சரியாக வாங்கிக்கொள்கிறது, அப்போது 600 போதும்.

இதைப் புரிந்துகொண்டபோது வந்த நிம்மதியைச் சொல்ல வேண்டும். ராத்திரியில் நான் ஒருவன், காலையில் இன்னொருவன் என்று குழம்பியிருந்தேன். காது தன் வேலையைத்தான் செய்திருக்கிறது.

மார்கழி 17

அம்மாவின் கேசட்.

1984 நவராத்திரியில் அப்பா வீட்டுக் கூடத்தில் சின்ன டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிந்தது. அக்கா மகன்தான் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்தான். அம்மா பாட ஆரம்பிப்பதற்கு முன் ஒன்றரை நிமிடம் வெறும் தம்புரா. யாரோ செம்பை நகர்த்துகிறார்கள். அப்பா ஒருமுறை இருமுகிறார். இந்த ஒன்றரை நிமிடத்தைத்தான் இரண்டு வாரமாக எல்லாவற்றுக்கும் உரைகல்லாக வைத்திருக்கிறேன்.

அம்மாவுக்குச் சுருதி ஐந்து கட்டை. நாலு தந்தி: பஞ்சமம், மத்திய ஸட்ஜம் இரண்டு, கடைசியில் மந்திர ஸட்ஜம். அந்தக் கடைசித் தந்தி ஏறக்குறைய 98 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. ஆனால் தம்புராவில் ஒரு தந்தி ஒரு ஸ்வரத்தை மட்டும் சொல்லி நிற்காது. குதிரைக்கும் தந்திக்கும் நடுவே ஒரு பஞ்சுநூலை வைத்து, அதை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி ஜீவா பிடிப்பார்கள். நூல் சரியான இடத்துக்கு வந்ததும் 'டொய்ங்' என்று மங்கலாக இருந்த தந்தி திடீரென்று திறந்துகொண்டு ரீங்காரமிடும். சிறுவயதில் அம்மா அந்த நூலை நகர்த்துவதை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருக்கிறேன். நூல் நுனியை நாக்கில் தொட்டு ஈரமாக்கிக்கொள்வாள். நகர்த்துவாள், மீட்டுவாள், தலையசைப்பாள், மறுபடி நகர்த்துவாள்.

அப்படித் திறந்த மந்திர ஸட்ஜத்திலிருந்து யாரும் மீட்டாத ஒரு அந்தர காந்தாரம் தானாகக் கேட்கும். சுயம்பு காந்தாரம் என்பார்கள். தந்தியின் அதிர்வைப் போல் ஐந்து மடங்கு அது. 98ஐ ஐந்தால் பெருக்கினால் 490. காந்தாரம் அங்கே இருக்கிறது. அந்தச் சின்ன டேப் ரெக்கார்டர் அதையும் பிடித்துவைத்திருக்கிறது.

650இல் தம்புரா ஒரு மண்டலமாக வருகிறது. நாலு தந்தியும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து கூடம் முழுக்கப் பரவுகிறது. காந்தாரம் அதற்குள் மிதக்கிறது. 600இல் தந்திகள் தனித்தனியாக நிற்கின்றன. காந்தாரம் கடைசித் தந்தியின் மேல் விளக்குச்சுடர் மாதிரி எழுந்து, அடுத்த பஞ்சமம் விழுவதற்குள் அணைகிறது. எது உண்மை? கூடத்தில் தள்ளி உட்கார்ந்து கேட்டவனுக்கு 650. தம்புராவின் மேல் காதை வைத்துக் கேட்டவனுக்கு 600. நான் இரண்டு இடத்திலும் உட்கார்ந்திருக்கிறேன்.

தம்புரா இதே அறையின் மூலையில், உறைக்குள் நிற்கிறது. அம்மாவுக்குத் தோள் முடியாமல் போனபிறகு யாரும் எடுக்கவில்லை.

மார்கழி 20

ராஜரத்தினம் பிள்ளையின் தோடி, 78 ஆர்.பி.எம் தட்டிலிருந்து எடுத்தது. ஊசி தேய்க்கும் இரைச்சல் 600இல் மழைபோல் அடிக்கிறது. 650 அந்த மழையைச் சற்றே தள்ளிவைத்து நாகஸ்வரத்தை முன்னால் விடுகிறது. பழைய தட்டுகளை மட்டும் கேட்பவர் யாராவது என்னிடம் கேட்டால் யோசிக்காமல் 650 என்பேன்.

மார்கழி 23

ஒரு சோதனை ஒலியை மெல்ல மெல்ல மேலே ஏற்றிக்கொண்டே போய்க் கேட்டேன். மனிதக் காதுக்கு எல்லை 20,000 ஹெர்ட்ஸ் என்று புத்தகம் சொல்லும். எனக்குப் 12,000க்குப் பக்கத்தில் அமைதி வந்துவிட்டது. ஹெட்போன் பாடிக்கொண்டிருக்கிறது, எனக்கு இல்லை. வயதாக ஆகக் காது மேலிருந்துதான் கதவைச் சாத்திக்கொண்டு வரும். அம்மாவுக்கு இன்னும் வெகு கீழே சாத்தியிருக்கும். எண்பத்திரண்டு வயது, மூன்று வருடமாகக் காது மெஷின்.

சென்ஹைசரின் ஹெட்போன் தொழிலை சோனோவா வாங்குவதாக 2021இல் அறிவிப்பு வந்தது. காது மெஷின் செய்கிற ஸ்விட்சர்லாந்து நிறுவனம் அது. அன்று இதை ஒரு செய்தியாகப் படித்துவிட்டு விட்டேன். இன்று அம்மா ராத்திரி மெஷினைக் கழற்றிச் சின்ன டப்பாவில் வைத்து மூடுவதைப் பார்த்தபோது ஞாபகம் வந்தது.

மேலே நான் இழந்துவிட்ட பகுதியில் இந்த இரண்டுக்கும் என்ன வித்தியாசம் இருந்தாலும் அது எனக்கு இல்லை. கணக்கிலிருந்து ஒன்று கழிந்தது. வருத்தம் இருந்தது, கொஞ்ச நேரம்.

மார்கழி 26

முடிவு செய்துவிட்டேன். 600.

ஏன் என்று சொல்ல வேண்டுமாம். சொல்கிறேன். நான் கேட்பதில் முக்கால்வாசி வாய்ப்பாட்டு. வாய்ப்பாட்டில் எனக்குச் சொல் வேண்டும். ராமநாதனின் மூடிய உதடு வேண்டும். ராத்திரியில் அடிப்பகுதி குறைகிறது என்றால் குறையட்டும், காலையில் கேட்டுக்கொள்கிறேன். 650 தருகிற சுகம் உண்மையான சுகம், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அது எனக்கும் சேர்த்து நிம்மதியாகிவிடுகிறது. அதில் கேட்கும்போது பல நாள் தூங்கிப் போயிருக்கிறேன். 600இல் ஒருநாளும் தூங்கவில்லை.

போனில் சொன்னேன். "சரி மாமா, எனக்கு 650தான் வேணும்னு இருந்தது, சொல்லலை" என்றான்.

போகி

வந்துவிட்டான். வாசலில் பழைய பாய் எரிந்த வாசனை இன்னும் போகவில்லை. கூடத்தில் உட்கார்ந்து 650ஐ எடுத்துத் துடைத்தவன், என்னைக் கேட்காமல் எழுந்து அம்மாவிடம் போனான்.

"பாட்டி, இதைக் கொஞ்சம் கேளுங்க. அந்த மெஷினைக் கழட்டிடுங்க."

அம்மா இரண்டு மெஷினையும் கழற்றி டப்பாவில் வைத்தாள். அவன் ஹெட்போனை அவள் கொண்டைக்கு மேலாக மாட்டி, வளையத்துக்குள் சிக்கிய முடியை விரலால் ஒதுக்கிவிட்டான். குமிழை என் பென்சில் கோட்டையெல்லாம் தாண்டித் திருப்பினான். வலை வழியே கூடம் முழுக்கத் தம்புரா கேட்டது. 1984.

அம்மா கண்ணை மூடவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா இருமும் இடத்தில் அவள் முகம் அசைந்தது. பாட்டு ஆரம்பிப்பதற்கு முன்பே கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னாள்.

"பஞ்சமம் இறங்கியிருக்கு."

காது மெஷின் இல்லாமல் பேசுவதால் குரல் உரத்து வந்தது.

"எதுல பாட்டி?"

அவளுக்குக் கேட்கவில்லை. "அன்னிக்கு மழை. மழை நாள்ல அது நிக்காது. பாட்டுக்கு நடுவுல சரிபண்ண முடியலை. அப்படியே பாடிட்டேன்."

நான் 600ஐ எடுத்துச் செருகினேன். கேட்டேன். அதிலும் இறங்கியிருந்தது. மிக மிகக் கொஞ்சம். ஆனால் சொன்னபிறகு கேட்காமல் இருக்க முடியவில்லை. பஞ்சமம் விழும்போதெல்லாம் ஸட்ஜத்தோடு சேராமல் ஒரு மெல்லிய அலை ஆடிக்கொண்டே இருக்கிறது. இந்த ஒன்றரை நிமிடத்தை நாற்பது தடவையாவது கேட்டிருப்பேன். நாலாவது தந்தியின் மேல் காந்தாரத்தைத் தேடிக்கொண்டு, முதல் தந்தியைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறேன்.

"உறையைக் கழட்டு" என்றாள் அம்மா.

தம்புராவைக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் பாய் விரித்துப் படுக்க வைத்தேன். தந்திகளில் லேசாகத் துரு. நூல் நாலும் காய்ந்து முறுக்கிக்கொண்டிருந்தன. அவள் ஹெட்போனையும் மாட்டவில்லை, மெஷினையும் மாட்டவில்லை. குடத்தின் மேல் இடது உள்ளங்கையை வைத்துக்கொண்டு, வலது நடுவிரலால் பஞ்சமத்தை மீட்டினாள். நான் பிரடையைப் பிடித்தேன்.

"ஏத்து."

திருப்பினேன். அவள் மீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம்."